வறியவரின் வைத்தியமும் ரொமி டக்ளஸின் தேர்தலும்

கனடாவில் வாழும் எம்மவர்கள் சுகவீனமுற்றால் சுகாதார அட்டையைக் காட்டி வைத்தியரைச் சந்தித்துத் திரும்புகின்றனர். பற்றுச்சீட்டு எதுவும் அவர்களது கைக்கு வருவதில்லை. ரொறன்ரோவில் குடியேறிய இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் அனுபவிக்கும் இவ்வசதிக்குப் பின்னால் ஒரு மாகாணத் தேர்தலும் அதில் நின்ற ஒருவரின் விடாப்பிடியும் உள்ளன.

ரொமி டக்ளஸ் 1904இல் ஸ்கொட்லாந்தில் இரும்பு வார்ப்புத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் குடும்பத்தோடு கனடாவின் வின்னிபெக் நகருக்கு வந்தார். முழங்காலில் ஏற்பட்ட காயம் எலும்பை அரித்தது. சிறந்த சிகிச்சைக்குப் பெற்றோரிடம் பணமில்லாத நிலையில், காலைத் துண்டிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றாயிற்று. தற்செயலாக அவரைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், மாணவர்கள் பார்த்துக் கற்க அனுமதித்தால் கட்டணமின்றிச் சிகிச்சை செய்வதாகக் கூறினார். கால் தப்பியது. இவ்விடத்தில் நன்றியுணர்வோடு நின்றுவிடுவோரே அதிகம். டக்ளஸோ, வறிய வீட்டுப் பிள்ளையின் கால் ஒருவரது தற்செயலான இரக்கத்தில் தங்கியிருப்பது எவ்வகையில் நியாயம் என்று கேட்டார்.

1930இல் சஸ்காச்சுவான் மாகாணத்தில் வெய்பர்ன் என்ற சிற்றூரில் மதபோதகரானார். பொருளாதார மந்தமும் வரட்சியும் விவசாயிகளை நொறுக்கிய காலம் அது. 1935இல் சமஷ்டிப் பாராளுமன்றம் சென்றார். 1944 மாகாணத் தேர்தலில் அவரது கட்சி 52 ஆசனங்களில் 47ஐ வென்றது. முதலமைச்சரான அவர் சுகாதார அமைச்சையும் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

1947 ஜனவரி முதல் வைத்தியசாலைக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. ஆளொன்றுக்கு வருடத்துக்கு 5 டொலர். ஆகவே இதனை இலவசம் என்பதைவிட, ஊரே முன்கூட்டிச் சேர்த்துவைத்த பணம் என்பதே பொருந்தும். வைத்தியரின் கட்டணம் மட்டும் எஞ்சி நின்றது. திறைசேரி தாங்காது என்பதால் அதற்கு அவர் அவசரப்படவில்லை. வைத்தியசாலைச் செலவில் பங்கேற்க மத்திய அரசு 1957இல் சட்டமியற்றிய பின்னரே, 1959 டிசம்பரில் திட்டத்தை அறிவித்தார். அனைவரும் உள்ளடங்க வேண்டும், பொது நிர்வாகம் வேண்டும், தரம் குன்றலாகாது, சிகிச்சை அளிப்போரும் பெறுவோரும் ஏற்க வேண்டும் என்பன அவரது நிபந்தனைகள்.

இறுதி நிபந்தனையே வில்லங்கமாயிற்று. 1960 ஜூன் தேர்தலில் வைத்தியர் சங்கம் நிதி திரட்டி நேரடியாகக் களமிறங்கியது. வைத்தியர்கள் மாகாணத்தை விட்டே போய்விடுவார்கள் என்ற அச்சம் பரப்பப்பட்டது. நோயாளரின் அந்தரங்கத்தில் அரச அதிகாரிகள் புகுவர் எனவும் கூறப்பட்டது. மக்கள் டக்ளஸையே தெரிந்தனர். 1961இல் சட்டம் நிறைவேறியது. அதற்குள் அவர் புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவராகத் தேசிய அரசியலுக்குச் சென்றிருந்தார். 1962 ஜூனில் ரெஜைனா தொகுதியில் அவரே தோற்கடிக்கப்பட்டார். ஜூலை முதலாம் திகதி திட்டம் ஆரம்பமானபோது வைத்தியர்களில் பெரும்பாலானோர் பணியை நிறுத்தினர். பிரித்தானியாவிலிருந்து வைத்தியர்கள் வரவழைக்கப்பட்டனர். 23 நாட்களில் உடன்பாடு எட்டப்பட்டது. 1966இல் இன்னொரு கட்சியின் அரசாங்கமே இதைத் தேசியச் சட்டமாக்கியது. 1972இல் எல்லா மாகாணங்களும் இணைந்திருந்தன.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் எழுதவில்லை. 1933இல் அவர் எழுதிய பட்ட ஆய்வு, தகுதியற்றோர் எனக் கருதப்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்யப் பரிந்துரைத்தது. ஆட்சிக்கு வந்தபின் அக்கொள்கையை அவர் ஏற்க மறுத்தமை ஆறுதலே. 1970இல் கியூபெக் நெருக்கடியின்போது பிடியாணையின்றிக் கைதுசெய்ய இடமளித்த போர்க்கால விசேட சட்டத்தைப் பொதுசன அபிப்பிராயத்துக்கு எதிராக நின்று எதிர்த்தார். அவசரகாலச் சட்டங்களின் கீழ் வாழ்ந்த எமக்கு அதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

அரச வைத்தியசாலையில் கட்டணமின்மை எமக்கும் பழகிப்போன ஒன்றுதான். ஆனால் 2022 நெருக்கடியில் மருந்துச் சீட்டோடு வெளிக் கடைகளுக்கு அலைந்தவர்களுக்கு, அவ்வுரிமை எவ்வளவு எளிதில் வெறும் பெயரளவாகிவிடும் என்பது தெரியும்.

டக்ளஸ் 1986 பெப்ரவரி 24ஆம் திகதி காலமானார். வைத்தியக் கட்டணத்தை அகற்றியதை அவர் முதற்கட்டமாகவே கருதினார். பல் சிகிச்சையின் பெரும்பகுதி அதற்கு வெளியே நின்றது. அதற்கான சமஷ்டித் திட்டத்தின் கீழ் முதலாவது நோயாளர்கள் சிகிச்சை பெறத் தொடங்கியது 2024 மே மாதத்தில்தான். அதுவும் குறித்த வருமான எல்லைக்குக் கீழுள்ளோருக்கு மட்டுமே.