எலும்பைக் கட்டிய மூணு இழை!
கங்காரு வாலில் ரகசியம் கண்ட சென்னை பேராசிரியர்

ராயபுரம் பக்கம் நூலோடு பழகியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஒற்றை இழையை ஒரு பக்கம் முறுக்கினால், பல இழையைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரிந்து கொள்ளும்.

நம் எலும்பையும் தோலையும் இழுத்துக் கட்டியிருக்கும் கொலாஜன் என்ற புரதமும் அதே முறுக்குதான்! தனித்தனி இழை இடப்பக்கம், மூன்றும் சேர்ந்து வலப்பக்கம். இதைக் கண்டு சொன்னவர் ஜி.என். ராமச்சந்திரன்.

ராமன் பிடித்த மாணவர்

1922 அக்டோபர் 8-ந்தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டு, 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்சார இன்ஜினீயரிங் சேர்ந்தார். அங்கே இருந்த சர் சி.வி. ராமன், பையனின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து இயற்பியலுக்கு இழுத்துக் கொண்டார். அப்புறம் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். 1952-ல் சென்னை பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

கங்காரு வால்

அந்தச் சமயம் சென்னைக்கு வந்த இங்கிலாந்து விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரனுக்கு அது போதும். பக்கத்திலேயே அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையம். கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். கோபிநாத் கார்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் மூன்று இழை அமைப்பை வெளியிட்டார். மறு வருஷமே அதைத் திருத்தி, கயிறு போன்ற முறுக்கையும் காட்டினார்.

சீமைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கிரிக், ரிச் என்ற இருவர், இதில் அணுக்கள் ரொம்ப நெருங்கி இடிக்கின்றன என்று குறை சொன்னார்கள். எவ்வளவு நெருங்கலாம் என்று யார் கணக்குப் போட்டது? ராமச்சந்திரனே போட்டார்!

நெரிசல் பஸ்சில் பக்கத்து ஆளை இடிக்காமல் கையை எந்தெந்தப் பக்கம் திருப்பலாம்? சில பக்கம்தான் முடியும். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் அதே கதி. எந்தத் திருப்பம் ஆகும், எது ஆகாது என்று சசிசேகரன், ராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து ஒரே படத்தில் வரைந்தார். 1963-ல் வந்த அந்த ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான் புதுப் புரத அமைப்பு சரியா தப்பா என்று இன்றும் உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள்.

ஒரு மணி மாறினால்

முறுக்கு தெரிந்து என்ன லாபம்? கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின். இருப்பதிலேயே சின்னது. நடுவில் உள்ள இடுக்கில் அதுதான் அடங்கும். பிறவிக் கோளாறால் அந்த இடத்தில் வேறு மணி வந்து உட்கார்ந்தால் இழைகள் நெருங்காது. குழந்தை லேசாக விழுந்தாலே எலும்பு முறியும். முறிவின் மேல் முறிவைப் பார்த்து, அடித்துவிட்டார்களோ என்று பெற்றோர் மேலேயே சந்தேகம் விழுந்த கேஸ்கள் வெளிநாடுகளில் உண்டு. பாவம், குற்றவாளி ஒரு புரத மணி!

வைட்டமின் சி இல்லாமல் போனாலும் முறுக்கு உறுதிப்படாது. பல் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் அப்படி வருவதுதான்.

கடைசி நாட்கள்

1971-ல் பெங்களூர் திரும்பினார். சி.டி. ஸ்கேன் படத்தைக் கணக்கிட லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அந்த வருஷம் அவர் கொடுத்த வழியும் பேர் பெற்றது. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நோபல் மட்டும் வரவில்லை. வந்திருக்க வேண்டியது.

கடைசியில் அவரையே நடுக்குவாதம் பிடித்தது. பார்க்கின்சன் என்று டாக்டர்கள் சொல்வது. இந்த நோயில் மூளைக்குள் ஒரு புரதம் சரியாக மடியாமல் கட்டி கட்டியாகச் சேர்கிறது. அது எந்தப் புரதம் என்று 1997-ல்தான் தெரிந்தது. அடுத்த வருஷம் மனைவி ராஜலட்சுமி காலமானார். 2001 ஏப்ரல் 7-ந்தேதி, 78-வது வயதில், சென்னையில் ராமச்சந்திரன் காலமானார்.