புயல் கூண்டு ஏற்றிய கேப்டன்

மழைக்காலம் வந்துவிட்டால், நாகப்பட்டினம் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டது என்றெல்லாம் செய்திகளில் சொல்வார்கள். கேட்டிருப்பீர்கள்தானே? கூண்டு என்றதும் கிளிக்கூண்டு என்று நினைத்துவிடாதீர்கள்! உயரமான கம்பத்தில் தொங்கவிடப்படும் கூம்பு, உருளை வடிவங்கள்தான் அவை. நம் நாட்டில் 1 முதல் 11 வரை இப்படி எண்கள் உண்டு.

இதுபோன்ற அடையாளங்களால் கடலோர மக்களுக்குப் புயலை முன்கூட்டியே அறிவிக்கும் முறையை இங்கிலாந்தில் தொடங்கி வைத்தவர், ராபர்ட் ஃபிட்ஸ்ராய்.

இவர் 1805-ம் ஆண்டு ஜூலை 5-ம் தேதி, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிறந்தார். 12 வயதில் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 23 வயதிலேயே பீகிள் என்ற கப்பலுக்குத் தலைவரானார்.

1829-ம் ஆண்டு, பீகிள் தென் அமெரிக்கக் கரையோரம் சென்றுகொண்டிருந்தது. காற்றழுத்தமானி காட்டிய அளவு வெகுவாகக் குறைந்தது. காற்றழுத்தம் அப்படிக் குறைந்தால் புயல் வரப்போகிறது என்று அர்த்தம். இளம் கேப்டனோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திடீரென்று வீசிய சூறைக்காற்று கப்பலைச் சாய்த்தது. மாலுமிகள் இருவர் இறந்து போனார்கள். அந்தப் பாடத்தை ஃபிட்ஸ்ராய் பிறகு மறக்கவே இல்லை.

இதே பீகிள் கப்பலில்தான், 1831-ம் ஆண்டு விஞ்ஞானி சார்லஸ் டார்வினை அவர் உலகப் பயணத்துக்கு அழைத்துச் சென்றார்.

1854-ம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு, வானிலைக்கென ஒரு துறையைத் தொடங்கி, ஃபிட்ஸ்ராயைத் தலைவராக்கியது. கப்பல்களிடமிருந்து வானிலைக் குறிப்புகளைச் சேகரிப்பதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. ஆனால், ஏட்டில் எழுதி வைத்தால் மட்டும் உயிர்கள் பிழைக்குமா? மீனவர் கிராமங்களில் காற்றழுத்தமானி வைக்கவும் அவர் ஏற்பாடு செய்தார்.

1859-ம் ஆண்டு அக்டோபர் மாதம், பெரும் புயல் ஒன்று பிரிட்டனைத் தாக்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராயல் சார்ட்டர் என்ற கப்பல், வேல்ஸ் கரைக்கு அருகே பாறையில் மோதி உடைந்தது. அதில் மட்டும் சுமார் 450 பேர் இறந்தார்கள். வீடு திரும்ப இன்னும் கொஞ்ச தூரமே இருந்தது!

புயலை நிறுத்த யாராலும் முடியாது. ஆனால், புயலைவிட வேகமாகச் செல்லும் ஒன்று அப்போது வந்திருந்தது. அதுதான் தந்தி. பல கடலோர ஊர்களிலிருந்து தினமும் தந்தி மூலம் வானிலை விவரங்களை லண்டனுக்கு வரவழைத்தார் ஃபிட்ஸ்ராய். எங்காவது புயல் அறிகுறி தெரிந்தால், மற்ற துறைமுகங்களுக்கு உடனே தந்தி பறக்கும்.

1861-ம் ஆண்டு பிப்ரவரியில் இந்தத் திட்டம் தொடங்கியது. தந்தி வந்ததும் துறைமுகக் கம்பத்தில் கூம்பை ஏற்றுவார்கள். கூம்பின் முனை மேலே இருந்தால் வடக்கிலிருந்து பலத்த காற்று. கீழே இருந்தால் தெற்கிலிருந்து. உருளையும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். இரவில் விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் தூரத்திலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ம் தேதி முதல், டைம்ஸ் நாளிதழில் அவரது வானிலை முன்னறிவிப்பு வெளியானது. சில நாட்கள் கணிப்பு தவறியது. உடனே பலரும் கேலி செய்தார்கள். கூண்டு ஏற்றினால் படகுகள் கடலுக்குப் போவதில்லை, வருமானம் போகிறது என்று முதலாளிகள் சிலர் கோபப்பட்டார்கள். இது ஜோசியம் அல்ல, கணக்குப் போட்டுச் சொல்லும் எச்சரிக்கை என்று பொறுமையாக விளக்கினார் ஃபிட்ஸ்ராய். ஓயாத உழைப்பால் உடல் நலிந்தது. கைப்பணமும் கரைந்தது. 1865-ம் ஆண்டு ஏப்ரல் 30-ம் தேதி, 59-வது வயதில் காலமானார்.

மறு ஆண்டே புயல் எச்சரிக்கையை நிறுத்திவிட்டார்கள். மாலுமிகளும் மீனவர்களும் சும்மா இருக்கவில்லை. எச்சரிக்கை மீண்டும் வேண்டும் என்று கேட்டார்கள். 1867-ம் ஆண்டு கூம்புகள் மறுபடி கம்பத்தில் ஏறின!

2002-ம் ஆண்டு, பிரிட்டிஷ் கடல் வானிலை அறிக்கையில் ஒரு கடல் பகுதிக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் சூட்டினார்கள்.

எச்சரிக்கை விடுத்தும் புயல் வராமல் போனால் கேலி செய்யாதீர்கள், குட்டீஸ். வராத புயலுக்குத் தயாராக இருந்தால் ஒருநாள் வேலைதான் கெடும். வரும் புயலுக்குத் தயாராக இல்லாவிட்டால் உயிரே போய்விடும்!