ஆலயத்தில் எது அழகு? - திருத்தந்தை புனித பத்தாம் பயஸ்

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போது நாம் இரண்டு விதமான முணுமுணுப்புகளைக் கேட்கிறோம். பெரியவர்களுக்கு ஒரு வருத்தம். பீடத்தின் முன் முழந்தாளிட்டு அமைதியாகச் செபித்த காலம் போய்விட்டது. பாடற்குழுவின் கீபோர்டும் டிரம்ஸும் சினிமாவை நினைவூட்டுகின்றன என்கிறார்கள். இளையோருக்கு வேறு வருத்தம். பழைய பாடல்களை இழுத்து இழுத்துப் பாடினால் தூக்கம்தான் வருகிறது. கைதட்டிப் பாடினால் என்ன தவறு என்று கேட்கிறார்கள். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் பெரியவர்கள் துணைக்கு அழைக்கும் பெயர் ஒன்று உண்டு. நம் முன்னோர் பத்திநாதர் என்று அழைத்த திருத்தந்தை பத்தாம் பயஸ். ஆகஸ்டு 21 இவருடைய திருநாள். இவருடைய வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், இவர் எந்தத் தரப்புக்கும் முழுவதுமாக அகப்படாதவர் என்பது தெரிகிறது.

ஜுசெப்பே சார்த்தோ 1835 ஜூன் 2 அன்று வட இத்தாலியின் வெனேத்தோ பகுதியில் ரியேசே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஊரில் கடிதம் கொண்டு கொடுக்கும் எளிய பணியாளர். தாய் மார்கரீத்தா தையல் வேலை செய்தவர். பத்துப் பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஸ்தெல்பிராங்கோ பள்ளிக்கு நடந்தே சென்றார். காலணி தேய்ந்துவிடக் கூடாதே என்று அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலில் நடப்பாராம். உதவித்தொகை கிடைத்ததால்தான் 1850இல் பதுவை குருமடத்தில் சேர முடிந்தது. இரண்டு ஆண்டுகளில் தந்தை இறந்தார். மூத்த மகன் படிப்பை விட்டுவிட்டு வீட்டைத் தாங்க வரட்டும் என்று அந்தத் தாய் கேட்கவில்லை. இப்படிப்பட்ட தாய்மார் நம் ஊர்களிலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் வருவதில்லை.

1858இல் குருவானார். முதல் ஒன்பது ஆண்டுகள் தோம்போலோ என்ற ஊரில் உதவிப் பங்குத்தந்தை. மாட்டு வியாபாரிகள் நிறைந்த ஊர். சந்தையில் பேசும் கெட்ட வார்த்தை வீட்டிலும் பேசப்படும் ஊர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இவர் இரவுப் பள்ளி நடத்தினார். அதற்குக் கட்டணமாக, இனிமேல் கடவுளின் பெயரைப் பழித்துப் பேசக்கூடாது என்று மட்டும் கேட்டதாக இவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதே மக்களுக்கு இவர் பாட்டும் சொல்லிக் கொடுத்தார். திருச்சபையின் பழமையான கிரகோரியன் இசையை இசைப்பள்ளியில் படித்தவர்களுக்கு அல்ல, மாடு மேய்த்தவர்களுக்கும் உழுதவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார்! இவருடைய இசைச் சட்டங்களைப் பற்றிப் பேசும்போது இந்த இரவுப் பள்ளியை நாம் மறந்துவிடுகிறோம்.

பிறகு சல்சானோவில் பங்குத்தந்தை. 1873இல் அங்கே காலரா பரவியபோது நோயாளிகளின் வீடுகளுக்கு ஓடி ஓடிச் சென்றார். 1884இல் மாந்துவா ஆயர். 1893இல் கர்தினால், வெனிஸ் நகரின் முதுபெரும் தந்தை. பதவிகள் ஏறினாலும் பாட்டு ஆசிரியர் மாறவில்லை.

அந்தக் காலத்து இத்தாலிய ஆலயங்களில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் இவருடைய வேதனை புரியும். அது ஓபெரா என்னும் இசை நாடகத்தின் பொற்காலம். மாலையில் அரங்கில் கேட்ட இசை மறுநாள் காலையில் ஆலயத்தில் கேட்டது. ஆர்கன் வாசிப்பவர் நாடக மெட்டுகளை வாசித்தார். வானவர் கீதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு தனிப்பாடகர் தம் குரல்வளத்தைக் காட்டும் மேடையாக்கினார். பாட்டு முடியும்வரை குரு பீடத்தில் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். நற்கருணை ஆசீரின்போது பாடும் தாந்தும் எர்கோ கூட காதல் பாட்டுப் போல ஒலித்தது. மக்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உட்கார்ந்து இரசிப்பது. அதாவது, இன்று பழமை என்று நாம் ஏங்கும் அந்தக் காலத்தில், ஆலயத்திலிருந்த பிரச்சினை அன்றைய சினிமாப் பாட்டுதான்!

1893இலேயே இது பற்றி உரோமைக்கு விரிவான அறிக்கை ஒன்றை இவர் அனுப்பினார். அதைத் தயாரிப்பதில் உதவியவர் ஆஞ்சலோ தே சாந்தி என்ற இயேசு சபைக் குரு. 1895இல் வெனிஸ் மக்களுக்கும் இதே பொருளில் சுற்றுமடல் எழுதினார். லொரேன்சோ பெரோசி என்ற இளம் இசை மேதை அப்போது புனித மாற்கு பேராலயத்தின் இசைப் பொறுப்பில் இருந்தார். புதிய இசை எழுதும் அந்த இளைஞருக்குக் குருப்பட்டம் அளித்து ஊக்கமூட்டியவர், பழமைவாதி என்று நாம் நினைக்கும் இதே சார்த்தோதான்.

1903 ஜூலையில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இறந்தார். கர்தினால்கள் உரோமைக்குப் புறப்பட்டார்கள். சார்த்தோ வெனிஸ் இரயில் நிலையத்தில் போகவரச் சீட்டு எடுத்தார் என்பது இத்தாலியில் எல்லாருக்கும் தெரிந்த கதை. வழியனுப்ப வந்த மக்களிடம், உயிரோடோ உயிரற்றோ நான் திரும்பி வருவேன் என்ற பொருள்படச் சொன்னாராம். தேர்தலில் கர்தினால் ரம்போல்லாவுக்கு எதிராக ஆஸ்திரியப் பேரரசர் தம் தடை உரிமையைப் பயன்படுத்தினார். ஆகஸ்டு 4 அன்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் சார்த்தோ. கண்ணீரோடு மறுத்து, பிறகு ஏற்றுக்கொண்டார். அரசர்கள் இப்படித் தலையிடும் வழக்கத்தை அடுத்த ஆண்டே ஒழித்தார். திரும்பும் சீட்டு மட்டும் பயன்படாமல் போயிற்று.

மூன்று மாதம் கழித்து, நவம்பர் 22, இசைக்கலைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளில், திருஇசை பற்றிய ஆணை வெளிவந்தது. ஆலய இசையின் மிகச் சிறந்த மாதிரி கிரகோரியன் பண். அதற்கு அடுத்து பலஸ்திரீனா போன்றோரின் பல்குரல் இசை. நாடகச் சாயல் இல்லாத, தரமான புதிய இசைக்கும் இடம் உண்டு. பியானோ கூடாது, டிரம், தாளத்தட்டு போன்ற ஓசை மிகுந்த கருவிகள் கூடாது. பாண்டு வாத்தியம் ஆலயத்துக்குள் வரக்கூடாது. வெளியே சுற்றுப்பிரகாரத்தில் ஆயரின் அனுமதியோடு வாசிக்கலாம். பாட்டுக்காகத் திருப்பலி காத்திருக்கக் கூடாது. பாட்டுதான் திருப்பலிக்குப் பணிபுரிய வேண்டும்.

டிரம்ஸ் பற்றிய வரியைப் பெரியவர்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஆணையின் தொடக்கத்தில் வேறொன்று இருக்கிறது. கிறிஸ்தவ உணர்வுக்கு முதன்மையான ஊற்று, இறைமக்கள் திருவழிபாட்டில் செயல்முறையில் பங்கேற்பது என்று அங்கே திருத்தந்தை கூறுகிறார். கிரகோரியன் இசையை மீண்டும் மக்களின் வாயில் வைக்க வேண்டும், அவர்கள் முற்காலத்தில் போல வழிபாட்டில் பங்குகொள்ள வேண்டும் என்றும் விரும்புகிறார். தோம்போலோவின் இரவுப் பள்ளி இங்கே பேசுகிறது. நாடகப் பாடகரை அவர் வெளியே அனுப்பியது, மக்கள் வாய் மூடி நிற்பதற்காக அல்ல.

இந்த ஆணையில் நம்மால் ஏற்க முடியாததும் உண்டு. பெண்கள் பாடற்குழுவில் இடம்பெறக் கூடாது, உயர்ந்த குரல் வேண்டுமானால் சிறுவர்களைச் சேர்க்க வேண்டும் என்றார். பாடற்குழு வழிபாட்டில் குருக்களுக்குரிய ஒரு பணியைச் செய்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அரை நூற்றாண்டு கழித்து, 1955இல் பன்னிரண்டாம் பயஸ் சில நிபந்தனைகளோடு இதைத் தளர்த்தினார். இன்று நம் பங்குகளில் பெண்கள் பாடாவிட்டால் பாட்டே இல்லை. இலத்தீனில் மட்டுமே பாட வேண்டும் என்ற விதியும் இப்படித்தான் மாறியது. புனிதர் ஒருவர் சொன்னதெல்லாம் என்றைக்கும் மாறாதது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் இவருடைய மிகப் பெரிய மாற்றம் இசையில் நடக்கவில்லை. நற்கருணைப் பந்தியில் நடந்தது.

அந்நாள்களில் பயபக்தி என்றால் தள்ளி நிற்பது என்று பொருள். நற்கருணை மிகவும் தூயது, நாம் பாவிகள், ஆகவே ஆண்டில் சில தடவை வாங்கினால் போதும். அடிக்கடி வாங்குவதற்கு ஆன்ம குருவின் அனுமதி வேண்டும். குழந்தை இயேசுவின் புனித தெரேசா போன்ற கார்மேல் துறவிக்குக்கூட நாள்தோறும் நற்கருணை என்பது ஏக்கமாகவே இருந்தது. ஜான்சேனியம் என்ற கடுமையான போக்கு பிரான்சிலிருந்து பரவி, இந்த அச்சத்தை ஆழமாக வேரூன்றச் செய்திருந்தது. சிறுவர்கள் 10, 12, சில இடங்களில் 14 வயதுவரை காத்திருந்தார்கள்.

1905 டிசம்பரில் வந்த ஆணை, சாவான பாவமின்றி நேர்மையான நோக்கத்தோடு வருகிற எவரும் நாள்தோறும் நற்கருணை வாங்கலாம் என்றது. 1910 ஆகஸ்டு 8 அன்று வந்த ஆணை, சாதாரண உணவிலிருந்து நற்கருணை அப்பத்தை வேறுபடுத்தி அறியும் குழந்தை, ஏறக்குறைய ஏழு வயதில், புதுநன்மை வாங்கலாம் என்றது. பலருக்கு இது அதிர்ச்சி. குறிப்பாக பிரான்சில் ஆயர்கள் கவலைப்பட்டார்கள். சிறு குழந்தைக்கு என்ன தெரியும்? புதுநன்மை முடிந்துவிட்டால் பிறகு மறைக்கல்விக்கு யார் வருவார்? பழைய பழக்கத்தின் மீது பற்றுள்ள பக்தியான மக்களே அன்று எதிர்த்தார்கள், திருத்தந்தைதான் புதுமைக்காரர்! நம் பங்கில் வெள்ளை உடையணிந்து, மெழுகுதிரி ஏந்தி, பல் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டு வரிசையில் வரும் பிள்ளைகளைப் பார்க்கிறோமே, அந்த வரிசை இந்த ஆணையிலிருந்து வருகிறது. பிள்ளைகளின் பாட்டிகள் இது காலங்காலமான வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

1911 நவம்பரில் இன்னொன்று செய்தார். குருக்களின் கட்டளைச் செபத்தில் திருப்பாடல்களின் வரிசையையே மாற்றி அமைத்தார். 150 திருப்பாடல்களும் ஒரு வாரத்தில் செபிக்கப்பட வேண்டும், அதே வேளையில் பங்குப்பணி செய்யும் குருவுக்குச் சுமை குறைய வேண்டும் என்பது நோக்கம். இதற்காக, நாள்தோறும் காலைப் புகழில் 148 முதல் 150 வரையான திருப்பாடல்களைப் பாடும் மிகப் பழமையான வழக்கத்தை விட்டுவிட்டார். வழிபாட்டு மரபை ஆராய்பவர்கள் இன்றும் இதை எண்ணி வருந்துகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே மரபில் கைவைத்த இந்தத் திருத்தந்தையைத்தான் நாம் மாறாத பழமையின் அடையாளமாகக் காட்டுகிறோம்!

கோட்பாட்டில் அவர் கடுமையானவர் என்பதும் உண்மையே. நவீனவாதம் என்று அவர் அழைத்த போக்கை 1907இல் கண்டித்தார். 1910இல் குருக்கள் அதற்கு எதிராக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றார். அந்தக் காலச் சந்தேகச் சூழலில் நேர்மையான அறிஞர்கள் சிலரும் துன்பப்பட்டார்கள். அதை மறைத்து அவருடைய கதையைச் சொல்வது அவருக்கும் பெருமை சேர்க்காது.

வாழ்ந்த விதத்தில் அவர் கடைசிவரை ரியேசே கடிதக்காரரின் மகன். தம் சகோதரிகளுக்குப் பட்டமோ மாளிகையோ கொடுக்கவில்லை. அவர்கள் உரோமையில் எளிமையாகவே வாழ்ந்தார்கள். 1914இல் போர் மூண்டது. அந்த வேதனையினிடையே ஆகஸ்டு 20 அன்று இறந்தார். 1954 மே 29 அன்று பன்னிரண்டாம் பயஸ் இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அதன்பின் இவர் பெயரை இரு தரப்பும் பங்கு போட்டுக்கொண்டன. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மக்களின் செயல்முறைப் பங்கேற்பு என்ற இவருடைய கருத்தையே சீர்திருத்தம் முழுவதற்கும் அடித்தளமாக வைத்தது. அதே ஏடு, கிரகோரியன் பண்ணுக்கு முதலிடம் என்றும் கூறியது. மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்றும் கூறியது. மறுபுறம், சங்கத்தின் சீர்திருத்தத்தை ஏற்காத பேராயர் லெபெவ்ர் 1970இல் தொடங்கிய குருக்கள் சபைக்கு வைத்த பெயரும் புனித பத்தாம் பயஸ்!

நம் முற்றத்து முணுமுணுப்புக்கு வருவோம். இவர் நம் பங்குக்கு வந்தால் டிரம்ஸை எடுத்து வெளியே வைக்கச் சொல்லியிருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதோடு போய்விட மாட்டார். பாடற்குழு மட்டும் பாட, மற்றவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று பெரியவர்களையும் கேட்டிருப்பார். தூணுக்குப் பின்னால் நின்று, நற்கருணை வாங்காமலே போகிறவரைத் தேடிப் போயிருப்பார். பிறகு மாலையில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் உட்கார வைத்து, ஒரு பாட்டையாவது எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்.

1959 ஜனவரியில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டப்போவதாக அறிவித்தவர் இருபத்து மூன்றாம் யோவான். அவரும் வெனிஸில் முதுபெரும் தந்தையாக இருந்து வந்தவர். அறிவித்து மூன்று மாதத்தில், ஏப்ரலில், அவர் ஒரு காரியம் செய்தார். புனித பேதுரு பேராலயத்தில் வைக்கப்பட்டிருந்த பத்தாம் பயஸின் உடலை இரயிலில் ஏற்றி வெனிஸுக்கு அனுப்பினார். 56 ஆண்டுகளுக்கு முன் சார்த்தோ போகவரச் சீட்டு எடுத்துப் புறப்பட்ட அந்த நகரில், புனித மாற்கு பேராலயத்தில், மக்கள் ஒரு மாத காலம் அவரைக் காண வந்துகொண்டிருந்தார்கள்.