ஞாயிறு விடுமுறை பெற்றுத்தந்த லோகண்டே

ஞாயிறன்று குடும்பத்தோடு இளைப்பாறும் நாம், ஆலைத் தொழிலாளர்க்கு அவ்வோய்வைப் பெற்றுத்தந்த நாராயண் மேகாஜி லோகண்டேயை நினைத்தல் கடனாகும். 1848-இல் பிறந்த இவர், பம்பாய்ப் பஞ்சாலையொன்றில் பண்டகசாலைப் பொறுப்பாளராக இருந்தவர். அந்நாளில் தொழிலாளர் விடியல் முதல் அந்தி வரை உழைத்தனர். வார விடுமுறை என்பதே இல்லை.

1884-இல் அவர்களைப் பரேலில் கூட்டி, ஞாயிறு விடுமுறையும் நண்பகலில் அரைமணி ஓய்வும் வேண்டி லோகண்டே மனு வரைந்தார். ஏறத்தாழ 5,500 பேர் ஒப்பமிட்டனர். முதலாளிகள் செவிசாய்த்திலர், எனினும் அவர் அயர்ந்திலர். 1890 ஏப்ரலில் ஏறத்தாழ 10,000 பேர் திரண்ட கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் பேசினர். அவ்வாண்டு ஜூனில் ஞாயிறு விடுமுறை கிட்டிற்று. 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நண்பகல் ஓய்வையும் உறுதி செய்தது.

1897-இல் பிளேக் நோயாளர்க்குத் தொண்டாற்றுகையில் அந்நோய்க்கே அவர் இரையானார். பகலுணவுப் பாத்திரத்தைத் திறக்கையில், அந்த அரைமணியும் ஒருவர் போராடிப் பெற்றதே என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.