இலக்கை இழந்தும் உறுதி இழக்காத ஏர்ணஸ்ட் ஷக்கிள்டன்

மாணவர்களே, உளநலம், மனவெழுச்சிச் சமநிலை என்பன பற்றி நீங்கள் கற்றிருப்பீர்கள். இன்னல் வரும்போது தளராது செயற்படும் ஆற்றல் ஒரு சிலருக்கே பிறப்பில் வாய்ப்பது என எண்ணுகின்றீர்களா? அன்றாடப் பழக்கங்களாலும் அதனை வளர்க்கலாம் என்பதற்கு ஷக்கிள்டனின் வாழ்க்கை சான்றாகும்.

இளமையும் முதற் பயணங்களும்

இவர் 1874 பெப்ரவரி 15 ஆம் திகதி அயர்லாந்தில் பிறந்தார். 16 வயதில் பாடசாலையை விட்டு வர்த்தகக் கப்பலில் சேர்ந்தார். 1901 இல் ஸ்கொட் என்பவரின் தலைமையில் அந்தாட்டிக்கா சென்ற குழுவில் இணைந்தார். எனினும் நோயுற்றதால் 1903 இல் திருப்பி அனுப்பப்பட்டார்.

பின்னர் தாமே ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி, 1909 ஜனவரி 9 ஆம் திகதி தென்துருவத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தொலைவு வரை சென்றார். அதற்கு முன் எவரும் அவ்வளவு தெற்கே சென்றதில்லை. ஆனால் கையிலிருந்த உணவு போதாது. மேலும் சென்றால் உயிருடன் மீள முடியாது என உணர்ந்து திரும்பினார். 1911 டிசம்பரில் அமுண்ட்சென் தென்துருவத்தை முதலில் அடைந்தார்.

பனியில் சிக்கிய கப்பல்

அடுத்து, அந்தாட்டிக்காவைக் குறுக்காகக் கடப்பதை இலக்காகக் கொண்டார். 1914 டிசம்பர் 5 ஆம் திகதி தென் ஜோர்ஜியாத் தீவிலிருந்து 28 பேருடன் அவரது ‘எண்டியூரன்ஸ்’ கப்பல் புறப்பட்டது. 1915 ஜனவரியில் அது வெடல் கடலின் பனிக்கட்டிகளிடையே சிக்கியது. ஒக்டோபர் 27 இல் கப்பல் கைவிடப்பட்டது. நவம்பர் 21 இல் மூழ்கியது.

பல ஆண்டுத் திட்டம் கண்முன்னே அழிந்ததை எண்ணிப் பாருங்கள். ஷக்கிள்டன் பழைய இலக்கைக் கைவிட்டார். அனைவரையும் உயிருடன் வீடு சேர்ப்பதே அவரது புதிய இலக்காயிற்று.

மனங்களைக் காத்த முறைகள்

1. வேலை ஒழுங்கு: உணவுக்கும் கடமைக்கும் நேரம் வகுத்தார். பனிமீது உதைபந்தாட்டமும் நடந்தது. வீணே கவலைப்பட நேரம் குறைந்தது.

2. முன்மாதிரி: ஒவ்வொருவரும் ஏறத்தாழ 1 கிலோகிராம் சொந்தப் பொருளையே வைத்திருக்கலாம் எனக் கூறி, தமது பொற்காசுகளை முதலில் எறிந்தார். ஆனால் ஒருவரின் பன்ஜோ இசைக்கருவியை மட்டும் எடுத்துவரச் செய்தார். பாட்டு மனதுக்கு மருந்து என அவர் அறிந்திருந்தார்.

3. அருகில் வைத்தல்: மனக்குறையுடையோரைத் தமது கூடாரத்திலேயே தங்கவைத்தார். அதனால் அவர்களது சோர்வு பிறருக்குப் பரவவில்லை.

மீட்பு

1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் எலிபன்ட் தீவை அடைந்தனர். அங்கிருந்து ஷக்கிள்டனும் ஐவரும் 7 மீற்றர் நீளங்கூட இல்லாத படகில், 1300 கிலோமீற்றருக்கு மேல் கடந்து, மே 10 இல் தென் ஜோர்ஜியாவை அடைந்தனர். பின் மூவர் அத்தீவின் பனிமலைகளை ஏறத்தாழ 36 மணித்தியாலத்தில் நடந்து கடந்தனர்.

எலிபன்ட் தீவில் எஞ்சிய 22 பேருக்குப் பிராங் வைல்ட் பொறுப்பாக இருந்தார். இன்றே மீட்க வரக்கூடும் எனக் கூறிப் பொருட்களைக் கட்டி வைக்கச் செய்து, அவர் நம்பிக்கையைக் காத்தார். மூன்று மீட்பு முயற்சிகள் தோற்றன. நான்காவது முயற்சியில், ஓகஸ்ட் 30 இல் சிலி நாட்டுக் கப்பல் அவர்களை மீட்டது. 28 பேரும் உயிர் தப்பினர்.

குறைகளும் இறுதியும்

அவர் குறையற்றவர் அல்லர். கண்டத்தின் மறுபுறத்தில் அவரது திட்டத்துக்காக உணவுக் களஞ்சியம் அமைத்த குழுவில் மூவர் இறந்தனர். படகைச் செப்பனிட்ட தச்சர் மக்னிஷ் முன்னர் முரண்பட்டவர். அவரைப் பதக்கத்துக்கு ஷக்கிள்டன் பரிந்துரைக்கவில்லை.

1922 ஜனவரி 5 இல் தென் ஜோர்ஜியாவில் மாரடைப்பால் காலமானார். அப்போது வயது 47. அவரது கப்பல் 2022 மார்ச்சில், 3008 மீற்றர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

மாணவர்களே, தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்தால் இழந்ததையே எண்ணியிராதீர்கள். இன்று செய்யக்கூடிய ஒரு வேலையைத் தெரிந்து, நேரம் வகுத்துச் செய்யுங்கள். சோர்ந்த நண்பனையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

பயிற்சி

1. 1909 இல் ஷக்கிள்டன் திரும்பியமைக்கான காரணம் யாது?
2. குழுவினரின் மனவுறுதியைக் காக்க அவர் கையாண்ட முறைகள் மூன்றினைத் தருக.
3. அவற்றுள் ஒன்றை உமது பரீட்சை ஆயத்தத்தில் எவ்வாறு பயன்படுத்துவீர் என விளக்குக.