36 வயதில் முடிந்த வாழ்க்கை... உங்க போனில் இன்னும் ஓடுற பெயர்! - ஹென்ரிச் ஹெர்ட்ஸின் கதை

உங்க போன்ல செட்டிங்ஸுக்குள்ள போய் டிஸ்ப்ளே பகுதியைத் திறந்து பாருங்க. 60, 90, 120 என்று ஏதாவது ஓர் எண்ணும் பக்கத்திலேயே ஹெர்ட்ஸ் என்ற அளவும் இருக்கலாம். வைஃபை ரூட்டர்ல 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். எஃப்.எம்-ல மெகாஹெர்ட்ஸ். அட, நம்ம வீட்டுக்கு வர்ற கரன்ட்கூட 50 ஹெர்ட்ஸ்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்த வார்த்தையைக் கடந்து போறோம்... அது ஒரு மனுஷனோட பெயர்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா?

அவர் ஹென்ரிச் ஹெர்ட்ஸ். ரேடியோ அலைகள் இருப்பதைச் சோதனை செய்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்த ஜெர்மானிய இயற்பியலாளர். ஆனா, ரேடியோன்னு ஒரு பெட்டியை அவர் வாழ்நாள்ல பார்த்ததே இல்லை. தன் அலைகள் போன் பேச உதவாதுன்னு அவரே கைப்பட எழுதியிருக்கார். அவர் இறந்து சுமார் 40 வருஷம் கழிச்சு, பிறந்த ஊரே அவர் படத்தைச் சுவரிலிருந்து இறக்கியது. இவ்வளவும் நடந்த ஒருத்தரோட பெயர் எப்படி உங்க பாக்கெட் வரை வந்துச்சு? வாங்க, பார்க்கலாம்.

இன்ஜினீயரிங் வேண்டாம் அப்பா!

1857 பிப்ரவரி 22. ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில், வசதியான குடும்பத்தில் பிறந்தார் ஹெர்ட்ஸ். அப்பா வழக்கறிஞர், பின்னாளில் அந்த நகரத்தின் செனட்டர். அப்பா வழியில் யூதக் குடும்பம், ஆனால் கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள். இந்தத் தகவலை நினைவில் வெச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

பையனுக்குக் கையும் மூளையும் ஒரே வேகத்தில் ஓடும். ஒரு பக்கம் அரபு மொழி கற்றுக்கொண்டார். இன்னொரு பக்கம் மரவேலை, லேத் வேலை. லேத் சொல்லிக்கொடுத்த ஆசான், பையன் பேராசிரியர் ஆகிட்டான்னு கேள்விப்பட்டு, அருமையான ஒரு கடைசல்காரன் வீணாப்போயிட்டானேன்னு வருத்தப்பட்டதா ஒரு கதைகூட உண்டு.

இப்படிப்பட்ட பையன் எங்கே போவான்? இன்ஜினீயரிங்தான். அதற்காகத்தான் மியூனிக் வரை போனார். ஆனா, மனசு முழுக்க இயற்பியல்லயே இருந்துச்சு. 1877 நவம்பரில், 20 வயதில், வீட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இன்ஜினீயரிங்கை விட்டுட்டு அறிவியல் பக்கம் போகலாமா என்று அனுமதி கேட்கும் கடிதம். வேலையும் வருமானமும் உறுதியா கிடைக்கிற படிப்பை விட்டுட்டு, என்ன கிடைக்கும்னே தெரியாத படிப்புக்குப் போறது எப்படி இருக்கும்னு உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் அப்பா சரின்னு சொன்னார். அந்த ஒரு சம்மதம்தான் பிறகு நடந்த எல்லாத்துக்கும் ஆரம்பம்.

பேப்பரில் மட்டும் இருந்த அலை

அடுத்த வருஷம் பெர்லின். அங்கே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெரிய பேராசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். அப்போ இயற்பியல் உலகத்தைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி ஒன்று இருந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1865-ல் வெளியிட்ட கணக்குதான் அது. மின்சாரமும் காந்தமும் சேர்ந்து அலையாகப் பரவும், அந்த அலையின் வேகம் ஒளியின் வேகமேதான், ஏன்னா ஒளியே ஒரு மின்காந்த அலைதான் என்றது அந்தக் கணக்கு.

கேட்க அழகா இருக்கு. ஆனா, கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலையை யாரும் உருவாக்கிக் காட்டலை. 1879-ல், 48 வயதில் மேக்ஸ்வெல் இறந்துபோனார். அதே வருஷம் மேக்ஸ்வெல் கொள்கையின் ஒரு பகுதியைச் சோதிக்க பெர்லின் அகாடமி பரிசுப் போட்டி வைக்க, ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் மாணவரை உசுப்பினார். ஹெர்ட்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, இருக்கிற கருவிகளால இது முடியாதுன்னு ஒதுங்கிட்டார். ஆனா, கேள்வி மட்டும் மனசுல ஒட்டிக்கிட்டது.

இருட்டறையில் ஒரு துளி வெளிச்சம்

1885-ல் கார்ல்ஸ்ரூ நகரத்து தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் வேலை. 1886-ல் சக பேராசிரியரின் மகள் எலிசபெத்துடன் கல்யாணம். அதே வருஷம் கல்லூரியின் பழைய கருவிகளை எடுத்து மாணவர்களுக்குச் செய்துகாட்டியபோது ஒன்றைக் கவனித்தார். ஒரு கம்பிச்சுருளில் தீப்பொறி அடித்தால், அதைத் தொடாமல் தள்ளி இருக்கும் இன்னொரு சுருளிலும் பொறி வந்தது. முடியாதுன்னு ஒதுக்கின கேள்விக்கு வழி இதோ!

அவர் செய்த கருவி ரொம்ப எளிமையானது. நீளமான செம்புக் கம்பி, நடுவில் சின்ன இடைவெளி, இரண்டு முனையிலும் உலோக உருண்டைகள். உயர் மின்னழுத்தம் கொடுத்தால் இடைவெளியில் பொறி பறக்கும். இதுதான் டிரான்ஸ்மிட்டர். சில மீட்டர் தள்ளி வளைத்த ஒரு கம்பி, அதிலும் மயிரிழை இடைவெளி. இதுதான் ரிசீவர். பேட்டரி கிடையாது, வயர் இணைப்பு கிடையாது. அறையை இருட்டாக்கிட்டு உத்துப் பார்த்தால், அந்த மயிரிழை இடைவெளியில் மினுக்கென்று ஒரு பொறி. காற்று வழியா ஏதோ ஒன்று வந்திருக்கு!

வந்தது அலைதானா? அதை நிரூபிக்கத்தான் அடுத்த இரண்டு வருஷம். வகுப்பறைச் சுவரில் துத்தநாகத் தகட்டை மாட்டி அலையைத் திருப்பி அனுப்பினார். ஒளிக்குக் கண்ணாடிப் பட்டகம் மாதிரி, இந்த அலைக்குத் தாரில் ஒரு பட்டகம் வார்த்தார். ஒன்றரை மீட்டர் உயரம், எடை சுமார் 600 கிலோ! அலை அதில் நுழைந்து ஒளி மாதிரியே வளைந்தது. கதவைச் சாத்தினாலும் மரக் கதவைத் தாண்டி அடுத்த அறையில் பொறி வந்தது. நம்ம ஹால்ல இருக்கிற வைஃபை பெட்ரூமுக்கு வருதே, அதே சங்கதிதான்.

1888 டிசம்பரில் வெளியான சோதனைகளில் அவர் பயன்படுத்திய அலையின் நீளம் 66 சென்டிமீட்டர். அதாவது, நொடிக்குச் சுமார் 45 கோடி அதிர்வுகள். இன்றைய கணக்கில் 450 மெகாஹெர்ட்ஸ். நம்ம செல்போன்கள் பயன்படுத்துற 700, 800, 900 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்துத் தெருதான்.

நடுவில் இன்னொரு விஷயமும் நடந்தது. 1887-ல், பொறி நல்லா தெரியட்டும்னு ரிசீவரைப் பெட்டிக்குள்ள வெச்சு மூடினார். பொறி சின்னதாயிடுச்சு. தோண்டிப் பார்த்தால், டிரான்ஸ்மிட்டர் பொறியிலிருந்து வரும் புறஊதாக் கதிர் பட்டால்தான் ரிசீவர் பொறி பெருசாகுது. இதையும் எழுதி வெளியிட்டுட்டு, தன் வேலைக்குத் திரும்பிட்டார். அதற்கு 1905-ல் விளக்கம் சொன்னவர் ஐன்ஸ்டைன். அவருக்கு நோபல் பரிசு வாங்கிக்கொடுத்த ஒளிமின் விளைவு அதுதான்.

இதனால என்ன யூஸ்?

1889 டிசம்பரில் ஓர் இன்ஜினீயர் அவருக்குக் கடிதம் எழுதினார். இந்த அலைகளை வெச்சு தொலைபேசிக் குரலை அனுப்ப முடியுமா என்று கேள்வி. முடியாது என்பதே ஹெர்ட்ஸின் பதில். அதற்கு ஒரு கண்டம் அளவுக்குப் பெரிய பிரதிபலிப்பான் வேணும் என்று காரணமும் எழுதினார்.

சிரிக்காதீங்க, அவர் கணக்கு சரிதான். மனுஷக் குரல் நொடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் முறை அதிரும். அதே வேகத்தில் அதிரும் மின்காந்த அலையின் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதை ஒரு ஆண்டெனாவில் அடக்க முடியாது. ஆனா, வேகமா அதிரும் சின்ன அலை மேல குரலை ஏற்றி அனுப்பலாம், ஆளை பஸ்ல ஏத்தி அனுப்புற மாதிரி. அந்த யோசனை மட்டும் அப்போ வரலை. அந்த பஸ்ஸைக் கண்டுபிடிச்சவருக்கே அதில் ஆள் ஏத்தலாம்னு தோணலை!

இதை அவரோட தோல்வியா பார்க்க வேண்டாம். இயற்கை இப்படித்தானா என்பது ஒன்றுதான் அவருடைய கேள்வி. பயன் என்னன்னு முதல்லயே கேட்டிருந்தா, அந்த இருட்டறைக்குள்ள அவர் போயிருக்கவே மாட்டார்.

அலைதான் அவரைக் கொன்றதா?

1889-ல் பான் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இரண்டு பெண் குழந்தைகள், உலகம் முழுக்கப் புகழ். 1892-ல் மூக்கு, தொண்டை, தாடைப் பக்கம் கடுமையான வலி. அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். வலிக்கு நடுவிலும் இயக்கவியல் பற்றி ஒரு புத்தகத்தை எழுதி முடித்தார். அது அச்சாகி வந்ததைப் பார்க்க அவர் இல்லை. 1894 ஜனவரி 1, புத்தாண்டு நாளில் இறந்தார். மூத்த மகளுக்கு வயது 6, இளையவளுக்கு 3 கூட நிறையவில்லை.

அலைகளோடயே வேலை செஞ்சதால்தான் இப்படியோன்னு ஒரு சந்தேகம் உங்களுக்கு வருதா? இல்லை. அவர் நோய்க்குறிப்புகளைப் பின்னாளில் படித்த மருத்துவர்கள், ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் அரிய நோயாக இருக்கலாம் என்கிறார்கள்.

மின்காந்த அலைகள் ஒரு பெரிய குடும்பம். ரேடியோ அலை, மைக்ரோவேவ், அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புறஊதா, எக்ஸ் ரே, காமா. இந்த வரிசையில் போகப்போக அதிர்வெண் ஏறும், ஆபத்தும் ஏறும். எக்ஸ் ரேவும் காமாவும் நம்ம செல்லுக்குள்ள இருக்கிற டி.என்.ஏ-வையே உடைக்கும். அதனால்தான் டாக்டர் சொல்லாம எக்ஸ் ரே, சி.டி ஸ்கேன் எடுக்கக் கூடாது. வெயிலில் இருக்கிற புறஊதா தோலைக் கருக்கும், தோல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும்.

ரேடியோ அலைக்கும் மைக்ரோவேவுக்கும் டி.என்.ஏ-வை உடைக்கும் சக்தி கிடையாது, சூடாக்க மட்டுமே முடியும். சோறு சூடாவது அப்படித்தான். அதனால் கதவு பழுதான மைக்ரோவேவ் அவனைப் பயன்படுத்தாதீங்க. செல்போன் விஷயத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2011-ல் ரேடியோ அலைகளை, புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பிருக்கலாம் என்ற சந்தேகப் பட்டியலில் வைத்தது. உறுதியான நிரூபணம் இதுவரை இல்லை. உங்க போனில் *#07# அழுத்திப் பாருங்க. எஸ்.ஏ.ஆர் அளவு தெரியும். இந்தியாவில் அது கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. இன்னும் பயமா இருந்தா இயர்போன் போட்டுப் பேசுங்க. ஆனா, வண்டி ஓட்டிக்கிட்டே பேசாதீங்க. அந்த ஆபத்துக்கு நிரூபணமே தேவையில்லை!

அழிக்கப் பார்த்த பெயர்

அவர் இறந்த அதே 1894-ல், அவரைப் பற்றிய அஞ்சலிக் கட்டுரையைப் படித்த இத்தாலிய இளைஞன் மார்க்கோனிக்குக் கம்பியில்லாத் தந்தி யோசனை பிறந்தது. கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சில மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளையே உருவாக்கி, தூரத்திலிருந்து மணி அடிக்க வைத்தார். 1901-ல் அட்லான்டிக் கடலைத் தாண்டி சிக்னல் போனதாக அறிவித்தார் மார்க்கோனி. எல்லாம் ஹெர்ட்ஸின் அலைதான். 1930-களில் அதிர்வெண்ணின் அலகுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நொடிக்கு ஓர் அதிர்வு என்றால், ஒரு ஹெர்ட்ஸ்.

அதே 1930-களில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி. முதல்ல நினைவில் வெச்சுக்கச் சொன்னேனே, அப்பா வழி யூத ரத்தம்... அதைக் காரணம் காட்டி ஹாம்பர்க் நகர மன்றத்திலிருந்து ஹெர்ட்ஸின் படத்தை அகற்றினார்கள். பெர்லினில் அவர் பெயரில் இருந்த ஆய்வு நிறுவனத்தின் பெயரையும் மாற்றினார்கள். இளைய மகள் மதில்டே, தேனீக்களின் பார்வைத்திறனை ஆராய்ந்த திறமையான உயிரியலாளர். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமையை 1933-ல் இழந்தார். எலிசபெத்தும் இரண்டு மகள்களும் பிறந்த மண்ணை விட்டு இங்கிலாந்துக்குப் போனார்கள்.

படத்தைக் கழட்ட முடிஞ்சது, குடும்பத்தைத் துரத்த முடிஞ்சது. காற்றில் ஓடுற அலையை என்ன செய்ய முடியும்? அன்றைக்கு ஜெர்மனி முழுக்க ஹிட்லரின் பேச்சைக் கொண்டுபோனதே ரேடியோதான். அந்த ரேடியோ ஓடியது ஹெர்ட்ஸ் நிரூபித்த அலையில்!

போர் முடிஞ்சது. 1968-ல் அதே ஹாம்பர்க்கில் சுமார் 280 மீட்டர் உயரத்தில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் திறக்கப்பட்டது. அதன் பெயர், ஹென்ரிச் ஹெர்ட்ஸ் கோபுரம்.

நீங்க படிக்கிறதையோ செய்றதையோ பார்த்து, இதனால என்ன யூஸ்னு நாளைக்கு யாராவது கேட்கலாம். பதில் தெரியலைன்னா தப்பில்லை. ஹெர்ட்ஸுக்கும் தெரியாது. இந்தக் கட்டுரை உங்க போனுக்கு வந்து சேர்ந்ததே அவர் அலைமேல ஏறித்தான்!