புறாக்கூடும் மயிற்றோகையும்

சாள்ஸ் டார்வின் என்னும் பெயரைக் கேட்டதும் குரங்கை நினைப்பவரே நம்மவருட் பலர். ஆயின் அப்பேரறிஞரின் சிந்தனையை ஆண்டுக்கணக்காக ஆட்கொண்டவை பறவைகள். புறாவின் நிறம் எவ்வாறு குஞ்சுக்குச் செல்கின்றது, மயிலுக்குத் தோகை எதற்கு என்னும் இரு வினாக்களும் அவரைவிட்டு நீங்கவேயில்லை. அவ்விரண்டையும் பற்றிய அளவில் அவர் வரலாற்றைச் சொல்லப் புகுகின்றேன். விலங்கியல் கற்பிக்கும் நண்பர்கள் பொறுத்தருள்க; தமிழாசிரியன் ஒருவன் இத்துறையிற் காலடி வைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

டார்வின் 1809ஆம் ஆண்டு பெப்ருவரி 12ஆந் திகதி, இங்கிலாந்தின் சுறூஸ்பெரி நகரில் மருத்துவர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தையைப் போல் மருத்துவராகும்படி எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டவர், சத்திரசிகிச்சையைக் கண்ணாற் காணப் பொறாது படிப்பைக் கைவிட்டார். அந்நகரில் அவர் பெற்ற பயனுள்ள கல்வி வேறொன்று. கயானாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற யோன் எட்மன்ஸ்ரன் என்பவரிடம் பணங்கொடுத்து, இறந்த பறவைகளைப் பாடஞ்செய்யும் கலையைக் கற்றார். பின்னர் கேம்பிரிட்சிற் பட்டம் பெற்று, 1831 டிசம்பரில் பீகிள் என்னுங் கப்பலிற் புறப்பட்டு, உலகைச் சுற்றி 1836இல் மீண்டார். அப்பயணம் யாவரும் அறிந்தது, விரிக்க வேண்டியதில்லை.

1839இல் எம்மா வெட்ஜ்வூட்டை மணந்தார். எம்மா அவருடைய தாய்மாமன் மகள். நம் முறைப்படி சொன்னால் மச்சாள். பிள்ளைகள் பதின்மர். அவருள் இருவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். பத்து வயதுச் சிறுமி ஆனி 1851இல் இறந்தபோது தந்தை நிலைகுலைந்தார். தாமும் தீராத நோயினால் வருந்தியவராதலின், தம் நோய் பிள்ளைகளுக்குச் சென்றதோ, உறவுக்குள் மணந்தமை தீங்காயிற்றோ என்னும் ஐயம் அவரை வாட்டியது. 1871ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் உறவுத் திருமணம் பற்றிய வினாவொன்றைச் சேர்க்கவும் முயன்றார், பாராளுமன்றம் இணங்கவில்லை. பரம்பரை என்பது அவருக்கு நூலறிவுக்கான பொருள் மட்டுமன்று, வீட்டிலே நின்ற கேள்வியுமாகும்.

1855இல் டவுன் என்னும் கிராமத்து வீட்டில் அவர் புறாக்கூடு அமைத்தார். வாலை விசிறிபோல் விரிப்பவை, கண்டத்தை ஊதிப் பெருக்குபவை, வானிற் கரணம் போடுபவை எனக் கிடைத்த இனங்கள் யாவற்றையும் வாங்கி வளர்த்தார். இலண்டனிற் புறா வளர்ப்போர் சங்கங்களிற் சேர்ந்தார். செல்வக் குடியிற் பிறந்த அறிஞர் மதுச்சாலைகளிற் கூடிய எளிய தொழிலாளரோடு சரிசமமாய் அமர்ந்து, சொண்டின் நீளத்தையும் இறகின் புள்ளியையும் பற்றிப் பேசிக் கேட்டறிந்தார். அறிவு எங்கிருந்தாலும் அங்கே சென்று பெறும் இப்பண்பை, அவருடைய கொள்கைகள் யாவற்றிலும் மேலாக நான் மதிக்கின்றேன்.

அங்கே அவர் செய்த சோதனைகளுள் ஒன்று அறியத்தக்கது. தூய வெண்ணிற விசிறிவாற் புறாவையும், முழுக் கறுப்பான குறுஞ்சொண்டுப் புறாவையும் இணைத்தார். குஞ்சுகள் கபிலமுங் கறுப்பும் விரவிப் பிறந்தன. அக்குஞ்சுகளைத் தம்முள் இணைக்க, பேரக்குஞ்சு ஒன்று அழகிய நீலச்சாம்பல் நிறத்தோடும் சிறகில் இரு கரும்பட்டைகளோடும் தோன்றியது. அது பாறைகளில் வாழும் மாடப்புறாவின் நிறம்! பாட்டனிடமும் பாட்டியிடமும் காணப்படாத நிறம் பேரனிடம் எவ்வாறு வந்தது? புறாவினங்கள் யாவும் மாடப்புறாவின் வழிவந்தவையாதலின் மூதாதையின் நிறம் அவற்றுள் மறைந்து கிடக்கின்றது என்று டார்வின் கண்டார். அது சரியான முடிபு. 1859இல் வெளியான ‘இனங்களின் தோற்றம்’ என்னும் நூல் புறாக்களைக் கொண்டே தொடங்குகின்றது. கைப்பிரதியைப் படித்த ஒருவர், மற்றையவற்றை விடுத்துப் புறாவைப் பற்றி மட்டும் எழுதினால் நூல் நன்றாக விற்கும் என்று பதிப்பாளருக்கு ஆலோசனை கூறினாராம்.

எனினும் அந்நிறம் எவ்வாறு மறைந்திருந்தது என்பதை அவரால் விளக்க முடியவில்லை. உடலின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நுண்டுணிக்கைகள் புறப்பட்டுக் கருவிற் சேர்கின்றன என்று 1868இல் ஒரு கருத்தை வெளியிட்டார். உறவினரான பிரான்சிஸ் கோல்ற்றன் முயல்களின் குருதியை மாற்றிச் செலுத்திச் சோதித்து, அக்கருத்துக்கு ஆதாரம் இல்லையென்றார். உண்மையான விடை 1866இலேயே அச்சேறியிருந்தது. புருண் நகரத்துத் துறவி மென்டல் பட்டாணிச் செடிகளில் அதனைக் கண்டிருந்தார். டார்வின் அதைப் படித்தாரில்லை. அவ்விடை பறவைகளுக்கும் பொருந்தும் என்பதை பேட்சன் என்னும் அறிஞர் 1902இற் கோழிகளைக் கொண்டு காட்டினார். கறுப்பு நிறத்தை உடலெங்கும் பரப்பும் பரம்பரையலகு ஒன்று சிறகின் பட்டைகளை மூடிவிடுகின்றது; அது நீங்கிய குஞ்சிலே பட்டைகள் வெளிப்படுகின்றன என்பது இன்று தெளிவு.

சில நிறங்கள் ஒரு பாலுக்கு மட்டுமே செல்வதையும் டார்வின் குறித்துவைத்தார். மனிதரிற் பெண்ணுக்கு ஒத்த இரு இலிங்க நிறமூர்த்தங்கள் உள்ளன. பறவைகளிலோ அவை ஆணுக்கு உரியன. புறாவின் அடிப்படை நிறத்துக்குரிய பரம்பரையலகு அந்நிறமூர்த்தத்தில் இருப்பதால், நீலச் சேவலையும் சாம்பற்சிவப்புப் பேட்டையும் இணைத்தால் ஆண் குஞ்சுகள் தாயின் நிறத்தையும் பெண் குஞ்சுகள் தந்தையின் நிறத்தையும் பெறுகின்றன. அப்பரம்பரையலகு எதுவென்பது 2014இற் கண்டறியப்பட்டது.

இனி மயிலுக்கு வருவோம். வாழ்க்கைப் போரில் உதவுவதே நிலைக்கும் என்று சொன்னவருக்கு, ஓடவும் பறக்கவும் தடையான அந்நீண்ட தோகை பெருந்தலையிடியாயிற்று. மயிலிறகைப் பார்த்தாலே தமக்கு நோய் வருவதுபோல் இருக்கின்றது என்று 1860இல் நண்பரொருவருக்கு எழுதினார். தொல்காப்பியம் மரபியலிற் சிறகுடையவற்றின் ஆணெல்லாம் சேவல் எனப்படும், மயில் ஒன்று நீங்கலாக என்று விதி இருப்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். தோகையாற் பெண்போலும் சாயலுடைமையே காரணம் என்பது பேராசிரியர் உரை. ஆண்பறவைக்கு இவ்வழகு ஏன் என்னும் வியப்பு நம் இலக்கணத்துள்ளும் இருந்தமையே என்னை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது.

டார்வின் கண்ட விடை, தெரிவு செய்வது பேடை என்பதாகும். அழகிய சேவலையே பேடைகள் தலைமுறை தலைமுறையாய் நாடினமையால் அழகு பெருகியது என்றார். இதனை இலிங்கத் தேர்வு எனப் பெயரிட்டு, 1871இல் வெளியான ‘மனிதனின் மரபு’ என்னும் நூலிற் பறவைகளுக்கென்றே நான்கு அதிகாரங்களை ஒதுக்கினார். சேர் றொபேட் ஹெரன் வளர்த்த பேடைகள் யாவும் ஒரு முதிய புள்ளிமயிலையே விரும்பிய செய்தியை அதிற் சேர்த்தார். தெகெற்மையர் என்னும் பறவை வல்லுநரைக் கொண்டு புறாக்களுக்குச் செந்நீலச் சாயம் பூசுவித்தார். ஏனைய புறாக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. தமக்குச் சாதகமாகாத அம்முடிவையும் ஒளியாது எழுதியமை அவர் பெருமை. முதுமையுற்ற பேடைகள் சில வேளைகளிற் சேவலின் இறகைப் பெறுவதைக் கொண்டு, சேவலின் அழகு பேடையினுள்ளும் மறைந்திருக்கின்றது என்றும் உணர்ந்தார். பேடையின் சூலகத்து ஓமோன் அதனை அடக்கிவைக்கின்றது என்பது பின்னாளிற் புலனாயிற்று.

இயற்கைத் தேர்வை அவரோடு ஒருங்கே கண்ட வாலஸ் இவ்விடத்திற் பிரிந்து நின்றார். அடைகாக்கும் பேடை பகைவர் கண்ணிற் படாதிருக்கவே மங்கிய நிறம் பெற்றது. பேடைக்குச் சுவையுணர்வு உண்டென்பது ஏற்கத்தக்கதன்று என்றார். முதற்பகுதியில் உண்மை உண்டு. ஆனால் பேடைக்குத் தெரிவு இல்லையென்று அக்கால அறிஞர் பலர் மறுத்தமைக்குக் காரணம் பறவைகளை நோக்கியதனாலன்று, பெண்பாலைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த எண்ணத்தினாலேயே என்று எனக்குத் தோன்றுகின்றது. இருவரும் பல ஆண்டுகள் கடிதம் மூலம் வாதிட்டனர்; நட்புக் குறையவில்லை, கருத்தும் மாறவில்லை.

1882 ஏப்ரில் 18ஆந் திகதி இலண்டன் விலங்கியற் சங்கத்தில் டார்வினின் சிறு முன்னுரையோடு ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. இலிங்கத் தேர்வில் தமக்குள்ள உறுதியை அதில் அவர் மீண்டுங் கூறியிருந்தார். மறுநாள் காலமானார். வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

கொள்கையோ நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. பேடையின் விருப்பும் சேவலின் அழகும் ஒரே குஞ்சிற் சேர்ந்து செல்வதால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று 1930இல் பிஷர் என்பார் விளக்கினார். 1982இல் கென்யாவில், அன்டர்சன் என்பவர் நெடுவாற் பறவைகளின் வாலிறகை வெட்டிச் சிலவற்றுக்குப் பசையால் ஒட்டி நீட்டினார்; நீண்ட வாலுடையவற்றை நாடியே பேடைகள் மிகுதியாய் வந்தன. 1991இல் இங்கிலாந்தில் மரியன் பெற்றி என்னும் பெண்மணி, தோகையிற் கண்கள் மிக்க மயிலே பேடைகளை மிகுதியாய்ப் பெறுகின்றது என்று கண்டார். யப்பானில் ஏழு ஆண்டுகள் மயில்களை நோக்கிய மரிக்கோ தகஹஷி குழுவினரோ அத்தகைய விருப்பம் எதனையும் தாம் காணவில்லை என்று 2008இல் அறிவித்தனர்.